டீச்சர் வண்டி செய்த இப்ராகிம் பாய்

போன செவ்வாய்க்கிழமை மதியம் இப்ராகிம் பாய் மீது நான் கடுங்கோபத்தில் இருந்தேன். காலையில் பள்ளிக்கு வந்து என் வண்டியின் ஹார்னைச் சரிசெய்து தருவதாகச் சொன்னவர் வரவே இல்லை. ஏழாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டே மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஆயா வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பாலக்கரையிலேர்ந்து போன் வந்துச்சு. மெக்கானிக் பாய் காலையில நெஞ்சு வலி வந்து போயிட்டாராம்." சாக்பீஸைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்கரையில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அடிபட்ட கார்களின் எஞ்சின்களை வாங்கி, நான்கு சிலிண்டரை இரண்டாக அறுத்து, லால்குடிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களாக மாற்றித் தருவார். முழு எஞ்சின் குடிக்கும் பெட்ரோலை எந்த விவசாயி தாங்குவான்? "கார் கம்பெனிக்காரன் ஊர் சுத்தறதுக்குச் செஞ்சான். நமக்குத் தண்ணி இறைச்சாப் போதும்ல?" என்பார்.

நான் அவரிடம் போனது எழுபதுகளின் நடுவில். குழந்தையில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் எனக்கு உதவாது. ஸ்ரீரங்கத்தில் வீடு. ஆசிரியர் பயிற்சி முடித்து, திருச்சியில் ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. ஜூனில் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பஸ் படி ஏற முடியாது. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியோ காவிரிப் பாலத்து ஏற்றத்திலேயே மூச்சை வாங்கிவிடும். அண்ணன்தான் பின்னாலிருந்து தள்ளுவான். அவன் என்னைத் தள்ளிக்கொண்டே காலம் கழிக்க முடியுமா?

ஸ்கூட்டர் எஞ்சின் ஏதாவது பொருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸ்கூட்டரை யாரும்மா உதைச்சு ஸ்டார்ட் பண்றது? கார் எஞ்சின்னா செல்ஃப் இருக்கு. குமிழை இழுத்தாப் போதும். ரிவர்ஸும் இருக்கு. பாதியா அறுத்துப் போட்டுத் தரேன், டீச்சர்."

வேலையில் சேரும் முன்பே என்னை டீச்சர் என்று அழைத்த முதல் மனிதர் அவர்தான்.

கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்து மே மாதம் வண்டியை முடித்தார். குமிழை இழுத்தேன். எஞ்சின் பிடித்தது, கூடவே வண்டி முழுவதும் குதித்தது. எதிர்க்கடை டீ கிளாஸ்களெல்லாம் கலகலத்தன. சற்று தூரம் போவதற்குள் என் விரல்கள் மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் மண் குவியலில் ஏற்றி நிறுத்தினேன். வயலுக்கு அறுப்பதுபோலவே முன்பக்க இரண்டு சிலிண்டரையும் வைத்துக்கொண்டு அறுத்திருந்தார். ஒன்று மேலே போகும்போது மற்றொன்று கீழே இறங்கும். இரண்டும் அடுத்தடுத்து வெடித்துவிட்டு, நீளமாக ஓர் இடைவெளி விடும். சிமெண்டுத் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய எஞ்சின் குலுங்கினால் யாருக்கு என்ன? நான் அதன் மேலல்லவா உட்கார வேண்டும்!

"பரவாயில்லை பாய், பழகிக்கிறேன்" என்றேன். எனக்கு வேலைதான் பெரிது.

"கை மரத்துப்போற வண்டியை உங்ககிட்ட குடுத்துட்டு நான் எப்படித் தூங்கறது? நடு ரெண்டையும் வச்சு அறுத்திருக்கணும். அது ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்கும், வெடிக்கிறது சீரா இருக்கும். குலுக்கலுக்கு இரும்பு எடை கட்டிக்கலாம். தப்பு என்மேல" என்றார். அறுத்ததை மறுபடி ஒட்ட முடியாது. வேறு எஞ்சினும் கையில் இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஆளனுப்பினார். போனால், கொட்டகை ஓரத்தில் அவருடைய சொந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. மனைவி ஜமீலாவின் பிறந்த வீடான துறையூருக்குக் குடும்பத்தோடு போய்வரும் கார் அது. பானெட் திறந்திருந்தது, உள்ளே எஞ்சின் இருந்த இடம் வெறும் பள்ளம்.

"என்ன காரியம் பண்ணீங்க பாய்! இனிமே துறையூருக்கு எப்படிப் போவீங்க?"

வேலையிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. "பஸ்ல போவேன். எனக்கு ஏற கால் இருக்கு டீச்சர்."

என் காலைப் பற்றிப் பேச வந்தால் ஊரே குரலைத் தாழ்த்தும். அவரோ, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீ கொண்டுவந்த ஜமீலா அக்காதான் தேற்றினார். "அழாதீங்கம்மா. அந்தக் கார்ல போனா பாதி வழி நாங்கதான் தள்ளுவோம். பஸ்ஸே மேல்."

பள்ளி திறந்த அன்று பாய் சைக்கிளில் என் கூடவே வந்தார். பாலத்து ஏற்றத்தில் பின்தங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். சைக்கிளிலிருந்து இறங்கி மூச்சு வாங்கியபடி, "போங்க, போங்க" என்று கையை ஆட்டினார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரை நான் முந்திப் போனேன்!

வண்டியைப் பதிவு செய்யப் போனபோது, இது எந்த ரகம் என்று அதிகாரி விழித்தார். "டீச்சர் வண்டி சார்" என்றார் பாய். அதன்பின் என்னைப்போலவே நடக்க முடியாத லால்குடித் தையல்காரர் ஒருவருக்கும், மலைக்கோட்டைப் பக்கத்து வளையல் வியாபாரிக்கும் அப்படியே செய்து கொடுத்தார். எல்லாமே நடு இரண்டு சிலிண்டர்கள்தான்.

செவ்வாய் மாலையே அடக்கம். சந்தூக் பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்து நடந்தவர்களின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போனேன். அடக்கத்தலத்துக்குள் பெண்கள் போவதில்லை, வாசலில் நிறுத்திக்கொண்டேன். சற்று நேரத்தில் லால்குடித் தையல்காரர் வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். வளையல்காரரும் வந்தார். துணைக்கு ஆளில்லாமல், அவரவர் வண்டியை அவரவரே ஓட்டிக்கொண்டு அவரை வழியனுப்ப வந்திருந்தோம்.

இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டியிருந்தது. வாசலிலிருந்தே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு பாய், நான் போயாக வேண்டும். நீங்களும் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.