மகளின் பாதங்களை முறுக்கிய டீச்சர்

புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். என் மகள் நிரோஷா டிவியில் பாலே நடனத்தைப் பார்த்து ஆசைப்பட்டாள். கேகாலை டவுனில் ஒரு டீச்சர் சொல்லித் தருவதாக அறிந்து, சனிக்கிழமைகளில் பஸ்ஸில் கூட்டிப் போனேன். தாய்மார் உள்ளே வரக் கூடாதாம். ஜன்னலுக்கு வெளியே நிற்பேன்.

அன்று குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை இருபுறமும் விரித்து நிற்கப் பழக்கினார்கள். மகளின் பாதங்கள் போதிய அளவு விரியவில்லை. டீச்சர் குனிந்து, அவற்றைப் பிடித்து வெளிப்பக்கமாக முறுக்கினார். மகள் அலறிக்கொண்டு விழுந்தாள். நான் உள்ளே ஓடினேன்.

"முட்டிக்குள்ள என்னமோ நழுவுதும்மா" என்று அழுதாள்.

டீச்சரோ தன் உதவியாளரிடம், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது, அழுத்தித்தான் வளைக்க வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குப் புரியாது என்ற நினைப்பு! எனக்குப் பற்றி எரிந்தது.

"என் பிள்ளை என்ன கம்பியா, நீங்கள் முறுக்குவதற்கு?" என்று சிங்களத்திலேயே கத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "தசைநார் இழுபட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் முறுக்கியிருந்தா கிழிஞ்சிருக்கும். இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்புதோ, அவ்வளவுதான் பாதத்தையும் திருப்பணும்" என்றார்.

முழங்கால் குணமான பிறகு மகள் வேறொரு டீச்சரிடம் கற்கிறாள். என்னை உள்ளே உட்கார விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகே சேர்த்தேன். வலித்தால், யார் அதட்டினாலும் உடனே நிறுத்தும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த முதல் டீச்சர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறவும் வேண்டாம்.