கதம்பை போட்ட மேடு

வளைகுடாவிலிருந்து திரும்பிய என் கணவருக்கு மண்ணில் ஓட்டும் பைக் என்றால் உயிர். புதுக்கடை அருகே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னந்தோப்பில், பைக்கோடு தாவுவதற்கு மண்மேடு கட்டத் தொடங்கினார். வாங்கிய செம்மண் போதவில்லை. உள்ளே செங்கல் துண்டுகளைப் போடப் போனவரை நான்தான் தடுத்தேன்.

"விழுந்தா மண்டைல்லா போவும். கதம்பை சும்மாதானே கெடக்கு, அதப் போட்டு மண்ணால மூடுங்க" என்றேன். எங்கள் பக்கம் பள்ளம் என்றாலே தேங்காய் உரித்த மட்டையை, அதுதான் கதம்பை, கொட்டித்தான் நிரப்புவோம்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் மழைக்குப் பிறகு அவர் வேகமாக ஏறியபோது, உச்சியில் முன்சக்கரம் பொதுக்கென்று உள்ளே போய்விட்டது. பைக் அங்கேயே நிற்க, அவர் மட்டும் பறந்து ஒரு தென்னைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தார். ஹெல்மெட்டில் கீறல், தோளில் சுளுக்கு. அதோடு போயிற்று.

கட்டிலில் கிடந்தபடி, "ஏட்டி, விழுந்தா நோவாதுன்னு நீ போடச் சொன்ன கதம்பைல்லா என்னைய விழவச்சுது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மறுநாள் நானே இன்னொரு லோடு செம்மண்ணுக்குச் சொல்லிவிட்டேன்.

இப்போது மேடு முழுக்கச் செம்மண்தான். ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் நனைத்து இடித்திருக்கிறோம். கதம்பையைச் சாக்கில் அடைத்துத் தென்னைகளைச் சுற்றிக் கட்டியாயிற்று. மழை பெய்து ஓய்ந்தால் முதலில் நான் உச்சியில் ஏறிக் குதித்துப் பார்ப்பேன். என் குதிகால் பதியாவிட்டால்தான் சாவி அவர் கைக்குப் போகும்.