எந்தக் கட்சிக் கொடி?

வேலைக்குப் போகும் வழியில் நான் தினமும் நாய்களோடு முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்கிறேன். நெதர்லாந்தில் நான் ஓட்டுவது வெலோமொபீல். மூன்று சக்கர சைக்கிள்தான். ஆனால் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் காலை நீட்டி மிதிக்க வேண்டும். சுற்றிலும் மஞ்சள் ஃபைபர் கூடு. வெளியே தெரிவது முக்காடு போட்ட என் தலை மட்டுமே. உடம்பில் மழை படாது. பின்காற்று கிடைத்தால் பஸ்ஸை முந்திக்கொண்டு போகலாம், வாய்விட்டுச் சிரிப்பு வரும். இவ்வளவு தாழ்வான வண்டி லாரிக்காரர் கண்ணில் படவேண்டுமே என்று ஒரு நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருந்தேன். ஏன் ஆரஞ்சு என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை.

போன வருஷம் நீண்ட விடுப்பில் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருந்துவிட முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். அதனால் வண்டியையும் கப்பலில் ஏற்றிவிட்டேன். இந்த வண்டி அந்த ரோட்டில் பிழைத்தால் நானும் பிழைத்துக்கொள்வேன் என்று ஒரு வீம்பு. துணிக்கடை வைத்திருக்கும் என் ஜாபர் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னா புள்ள, மோட்டார் இல்லியா? இத்தினி பெருசா செஞ்சிட்டு காலால மெறிக்கணுமா?" என்றார். பிறகு கொடியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மொதல்ல இத்த அவுரு."

ஆரஞ்சைக் காவி என்பார்களாம். பச்சை கட்டட்டுமா என்றேன். "நம்ம வூட்டு வண்டில பச்சையா? வம்பே வேணாம்." சிவப்பு ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, மஞ்சள் ஒரு கட்சி. "வெள்ள கட்டுனா சாவு வண்டின்னு ஒதுங்கி நிப்பாங்க." எந்த நிறம் எந்தப் பக்கம் என்பது துணிக்கடைக்காரருக்கு அத்துப்படி. கடை நிறையத் துணி இருந்தும் எனக்கு ஒரு முழம் தேறவில்லை. எரிச்சலாக வந்தது. கடைசியில் அண்ணிதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பழைய ரோஸ் பாவாடையை லேஸோடு கிழித்து என் கொடிக்குக் கொடுத்தார். "யார்னா கேட்டா பொம்பளைங்க கட்சின்னு சொல்லு!"

கல்வராயன் மலையைப் பார்த்தபடி கச்சிராயபாளையம் ரோட்டில் மிதிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஏர்ஹாரனுக்கும் ரோட்டோரம் ஒதுங்கி நின்றேன். ஒரு காலையில் டீக்கடை எதிரே கரும்பு டிராக்டர் நின்றது. அதன் டிரெய்லருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஒரு லாரி. திடீரென்று டிரெய்லர் பின்னுக்கு வர ஆரம்பித்தது. என் வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. சட்டென்று குதிக்கவும் முடியாது. காலை மடக்கி, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். மணியடித்தேன். டிராக்டரில் அலறிய பாட்டில் அது யார் காதில் விழும்? கத்தினேன். கரும்புத் தோகை முகத்தில் அறுத்தது. கூட்டின் முன்பக்கம் நொறுங்கும் சத்தம் கேட்டது. யா அல்லா, செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய், நிறுத்துடா! பொம்பள மாட்டிக்கினாங்க! பாவாட தெரியுது பாரு!"

டீக்கடைக்காரரின் குரல். டிராக்டர் குலுங்கி நின்றது. அவர் என் வண்டியைப் பார்க்கவே இல்லை. கரும்புக்கு நடுவே சிக்கி ஆடிய ரோஸ் துணியைத்தான் பார்த்திருக்கிறார். டிரைவர் ஓடி வந்து கரும்புக்குள் பெண்ணைத் தேடினார், அப்புறந்தான் கீழே பார்த்தார். "வண்டியே தெர்லம்மா. இது எந்தக் கட்சிக் கொடி?"

"கட்சியெல்லாம் இல்லைங்க."

"கட்சியும் இல்ல, மோட்டாரும் இல்ல. அப்புறம் இன்னா தைரியத்துல ரோட்டுக்கு வந்தீங்க?"

நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அண்ணன் மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் அந்த நொறுங்கிய முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தவர் அழுதுவிட்டார். "நீ இங்கயே இருக்கணும்னு எனக்குத்தான் ஆச ஜாஸ்தி. ஆனா வேணாம் புள்ள, போய்டு. அங்கனா உன்னப் பாத்து ஓட்டுவாங்க." நான் வாதாடவில்லை. பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் கூடப்பிறந்தவர் வாயால் 'போ' என்று கேட்டது, ஐயோ, அந்தக் கரும்புத் தோகையைவிட அறுத்தது.

இப்போது திரும்பவும் நெதர்லாந்து. முன்பக்கத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறேன். கொடியை மாற்றவில்லை. நேற்று நாயோடு நடந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை நிறுத்தி, "இது எந்த நாட்டுக் கொடி?" என்றார். பாவாடைக்கு டச்சில் என்ன சொல்வதென்று வாயில் வரவில்லை. "அண்ணி" என்றேன்.

"அண்ணி..." அவர் யோசித்தார். "கேள்விப்பட்டதில்லையே. ஆசியாவில் இருக்கிறதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு மிதித்தேன். நான் முன்னால் போக, பாவாடை பின்பக்கம் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது.