சலீம் பாய் பெயரில் யாரோ பேசுகிறார்

இன்று மத்தியானம் பெர்ன்ஹில்லில் சலீம் பாயின் ஹோம்ஸ்டேவுக்குப் போனேன். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான்.

"ஏனுங்க தம்பி, நான் புக்கிங்கே எடுக்கல. புக் பண்ணிட்டோம்னு காலையில ஒரு குடும்பம் வந்து நிக்குதுங்க" என்றார்.

வெப்சைட்டைத் திறந்தேன். அதே வீடு, அதே ரோஜாச் செடிகள், வாசலில் சிரிக்கும் அதே பாய். போன் நம்பர் மட்டும் வேறு.

"டொமைனை ரின்யூ பண்ணலையா பாய்?"

"ஹோஸ்டிங்னு மெயில் வந்துச்சு, ரின்யூ பண்ணிட்டனுங்களே!"

"அது வேற பாய். ஹோஸ்டிங் ஊடு மாதிரி, போட்டோ எல்லாம் இருக்கற இடம். டொமைன் அந்த ஊட்டு விலாசம். அதை விட்டுட்டீங்க, வேற யாரோ வாங்கி, நம்ம போட்டோவையே காப்பி அடிச்சுப் போட்டுட்டாங்க."

நெட்டில் தேடினால் முதலில் வரவேண்டும் என்று எஸ்இஓவும் நான்தான் செய்தேன். இப்போதும் முதலில்தான் வருகிறது.

பாய் அந்த நம்பருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"வணக்கங்க, சலீம் பாய் பேசறனுங்க. எத்தனை பேருங்க வர்றீங்க?" என்றது ஒரு குரல்.

பாய் போனைக் கட் பண்ணினார். கேட்டுக்கு வெளியே, மூடுபனிக்குள் இன்னொரு கார் ஹாரன் அடித்தது.

கடை, ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களே, உங்கள் வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்கு இப்போதே ஒரு போன் போடுங்கள். எடுத்தது யார் என்று கீழே சொல்லுங்கள்.