துடிக்கட்டும், தாயே

என் மகளின் வலது கை துடிப்பது நிற்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டேன். நின்றது. அந்த நாளிலிருந்துதான் என் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் மூக்கண்டப்பள்ளி அம்மன் கோயிலில் என்னோடு விளக்கேற்றும் சகோதரிகளே, நம் கூட்டு வழிபாட்டை நடத்தும் ராதம்மா கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் கேட்க விரும்புவது வேறு மாதிரியாக இருக்கும். நடந்தது இதுதான்.

நித்யா எங்களுக்கு ஒரே பெண். மின்னணுக் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை, கடுகு போன்ற திருகாணிகளைப் பொருத்துவாள். போன ஆடியில் அவளுடைய வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலுக்கடியில் புழு நெளிவது போல ஒரு துடிப்பு ஆரம்பித்தது. திருகாணிகள் கைநழுவின. சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பு அடங்கவில்லை. நான் உங்கள் நடுவே அழுதேன். நீங்களும் எனக்காக வேண்டினீர்கள். துடிப்பு நின்றால் வெள்ளித் தகட்டில் கை செய்து சாத்துவதாக நேர்ந்துகொண்டேன்.

மார்கழியில் நின்றேவிட்டது. வெள்ளிக் கையைச் சாத்தினேன். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். நீங்கள் குலவையிட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் நித்யா சொன்னாள்: "துடிப்பு நின்னுடுச்சும்மா. ஆனா கை சொன்ன பேச்சு கேக்கல."

பெங்களூரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "நின்னது குணமானதால இல்லம்மா. அந்தத் தசைக்குச் சேதி கொண்டுபோற நரம்பு செத்துப்போச்சு." மோட்டார் நியூரான் நோய். நித்யாவின் தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைத்து, காந்த விசையால் மூளையைத் தட்டினார். மிக லேசான தட்டலுக்கே, அவள் அசைக்காமலே, இடது கட்டைவிரல் துள்ளியது. கையை அசைக்கச் சொல்லும் மூளைப் பகுதி அடங்காமல் கத்திக்கொண்டே இருக்கிறதாம். சேதியைக் கடத்தும் ரசாயனம் அளவுக்கு மீறித் தேங்கி நரம்புகளையே பொசுக்குகிறது என்று நினைக்கிறார்களாம்.

"அப்போ மூளைக்குள்ள ஓவர்டைம் ஓடுதா டாக்டர்?" என்றாள் நித்யா.

"ஆமா கண்ணு. சம்பளம் இல்லாத ஓவர்டைம்."

இருவரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. குணமாக்க மருந்து இல்லை. அந்த ரசாயனத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, நோயின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை இருக்கிறது. அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மனைத் திட்டிக்கொண்டே வந்தேன். செத்த கைக்கா வெள்ளிக் கை வாங்கிக்கொண்டாய்? பொங்கலும் குலவையும் எதற்கு? அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நின்றது. நித்யா என் தோளில் தூங்கிவிட்டாள். திட்டுவதற்கும் வார்த்தை தீர்ந்துபோனது. "உன்கிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியல. மிச்சம் இருக்கிற கையையாவது தள்ளிவிடாதே" என்றேன்.

அதன்பிறகு நான் கோயில் பக்கமே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நித்யாதான் கிளம்பினாள். "அம்மன் மேல கோவம்னா நீ வெளியில நில்லு. நான் உள்ள போறேன்." விழுந்துவிடுவாளோ என்று பயந்து பின்னாலேயே வந்தேன். தீர்த்தம் வாங்க இடது கையை நீட்டினாள். பூசாரியின் கரண்டி அப்படியே நின்றது. வரிசையில் ஒருவர், யார் என்று எழுத மாட்டேன், "ஏம்மா, சோத்துக்கையை நீட்டத் தெரியாதா?" என்றார். பக்கத்தில் நின்ற ராதம்மா சொன்னார்: "அவளுக்கு இப்போ இதுதான் சோத்துக்கை. ஊத்துங்க சாமி."

பூசாரி ஊற்றினார். நித்யா ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள். ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பஸ்ஸில் நான் கேட்டது அதுதான் சகோதரிகளே. அந்தக் கையை அம்மன் தள்ளவில்லை. இதைச் சின்ன வரம் என்பீர்கள். பெரிய வரத்துக்கு வெள்ளி சாத்தியவள் நான். வித்தியாசம் எனக்குத் தெரியும்.

இன்றும் அந்தக் கையால் அவளே பிசைந்து சாப்பிடுகிறாள். எத்தனை காலத்துக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. என் கசப்பு தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அம்மன் சந்நிதியில் பொய் சொன்னதாகும். ஆனாலும் வெள்ளிக்கிழமை வருகிறேன், இப்போது பேரம் பேசுவதில்லை. உங்கள் வீட்டிலும் யாருக்காவது கை துடித்தால் அம்மனிடம் வாருங்கள், அன்றைக்கே நரம்பு டாக்டரிடமும் போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே வாருங்கள். அவள் என்னை விரட்டவில்லை.

இப்போது இடது கையிலும் அந்தத் துடிப்பு வந்துவிட்டது. அது நல்லதல்ல, ஆனால் நரம்பு இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை என்று அர்த்தமாம். காலையில் அவள் எழும் முன் போர்வையை விலக்கி அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். எது நிற்க வேண்டும் என்று அழுதேனோ, அதுவே விரலுக்கடியில் நெளிகிறது.

துடிக்கட்டும், தாயே. இன்றைக்கும் துடிக்கட்டும்.