துரை சைவமான கதை

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் எல்லோரும் நாற்பத்தெட்டு நாள் சைவமாக இருந்தோம். அம்மா, அப்பா, நான், மீன். அந்த மீனைச் சைவமாக்கியது நான்தான் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் குடியிருந்தோம். லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் நாற்காலியே கதி. ரவாங்கில் இருந்த சின்ன மாமா மீன் பைத்தியம். அக்கா புருஷனுக்குப் பொழுது போகட்டும் என்று ஓர் அரோவானா மீனைத் தொட்டியோடு கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளித் தகடு போலப் பெரிய செதில்கள், முன்னால் துருத்திய தாடை, என் முழங்கை நீளம். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே யாரையும் பார்க்காமல் போகும், வரும். தாத்தா வேலை செய்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இப்படித்தான் ரவுண்டு போவாராம் என்று அப்பா அதற்குத் துரை என்றே பெயர் வைத்தார்.

துரையின் சாப்பாடு உயிரோடு இருக்கவேண்டும். சனிக்கிழமைதோறும் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மீன்குஞ்சுகள் வரும். ஒவ்வொன்றாக விடுவேன். ஒரு பாய்ச்சல், காலி. நானும் அப்பாவும் காற்பந்து பார்ப்பதுபோல் பார்த்துக் கைதட்டுவோம். குஞ்சுகளுக்காக நான் வருத்தப்பட்டதாக நினைவில்லை.

அப்பா எழுந்து நடந்துவிட்டால் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு அப்பா கைத்தடி இல்லாமல் நடந்தார். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் முன்னதாக அம்மா வீட்டைக் கழுவித் துடைத்து, மீன் குழம்புச் சட்டியைப் பேப்பரில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றினார். பிறகு தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்ல தைப்பூசம் வரைக்கும் ஒரு உசுரு போகக்கூடாது. இதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"அதுக்கு என்னா தெரியும் விரதத்தப் பத்தி?" என்றார் அப்பா.

"அதுக்குத் தெரியவேணாம். வீட்டுக்குத் தெரிஞ்சா போதும்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கெடு வைத்தார். அதற்குள் துரை டப்பாவில் வரும் காய்ந்த தீனிக்குப் பழகவேண்டும். கடையில் அதைப் பெல்லட் என்பார்கள். பழகாவிட்டால் சின்ன மாமா வந்து எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும். மாமாவின் பெரிய தொட்டியில் அப்போது ஒரு தோமான் இருந்தது. விரால் ஜாதி, கிடைத்ததைக் கடித்துக் குதறும். துரை அங்கே போனால் இரண்டு நாள் தாங்காது என்று மாமாவே சொல்லிவிட்டார். பெல்லட் எதில் செய்தது என்று டப்பாவைத் திருப்பிப் பார்க்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பசி வந்தால் தானாகச் சாப்பிடும் என்றார் கடைக்காரர். துரைக்கும் பசி வந்தது, ஆனால் வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் தினமும் நாலு பெல்லட் போடுவேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். ஊறி உப்பியதை அம்மாவின் டீ வடிகட்டியால் அள்ளி, அதற்கும் திட்டு வாங்கினேன்.

முதல் ஞாயிறு சின்ன மாமா ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைவக் கடையில் வாங்கிய சோயா இறால். வளைந்த உடம்பு, சிவப்புக் கோடு, வால் எல்லாம் அச்சு அசல் இறால்தான்.

"மனுஷங்களே ஏமாந்துடுறாங்க, மீன் எம்மாத்திரம் லா," என்றார்.

நூலில் கட்டித் தண்ணீர்மேல் ஆட்டினார். துரை பாய்ந்தது. லபக்கென்று வாயில் போட்டது. மாமா அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார். துரை ஒரு நிமிஷம் அப்படியே நின்று யோசித்தது. பிறகு துப்பியது பாருங்கள், இறால் எதிர்க் கண்ணாடியில் போய் மோதியது. மிச்சத்தை அம்மா மிளகாய் அரைத்துச் சம்பல் வைத்தார். மாமா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கு என்ன குறை என்று துரையைக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தொட்டியின் முன் உட்கார்ந்து அழுதேன். துரையின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மாவுக்குக் கல்நெஞ்சு என்று அப்பாவிடம் சொன்னேன். சும்மா இரு என்றார்.

பள்ளி விடுமுறை. ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பேன். அந்த வாரம் நடந்தவற்றை நான் பார்த்தேன், ஆனால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. விடியுமுன் குளித்து விளக்கேற்றியிருக்கும் அம்மா, நான் எழும் நேரத்தில் மறுபடியும் ஈரத் தலையோடு நிற்பார். விரதமென்றால் காலையில் இரண்டு குளியல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாப்ஸ்டிக் குச்சி கிடந்தது. இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்தது என்று கேட்டதற்கு, அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி, லிப்டில் பார்த்தபோது மீன் சாப்பிட்டதா என்று மலாய் மொழியில் விசாரித்தார். இன்னும் இல்லை என்றேன். அவருக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை நான் கிட்டே போனதுமே துரை மேலே வந்தது. தினமும் நான் எடுத்துச் சொன்ன புத்திமதி வேலை செய்கிறது என்று முடிவுகட்டினேன்.

இரண்டாவது ஞாயிறு மாமா வாளியோடு வந்துவிட்டார். ஒரு பெல்லட் போட்டேன். துரை வந்தது, பார்த்தது, விழுங்கியது. துப்பவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் போனது.

"எங்கிட்ட ஒரு வருஷம் இருந்துச்சு, ஒரு பெல்லட் தொட்டதில்ல," என்று மாமா வாளியைக் கீழே வைத்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா," என்றார், பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தாமல். கொஞ்சம் கைதட்டியாவது இருக்கலாம் என்று எனக்கு மனத்தாங்கல்.

தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தார். வேண்டுதல் முடிந்தது. ஆனால் மறு வருஷமும் மீன் சட்டியைப் பேப்பரில் சுற்றி மேலே ஏற்றினார். "அப்பாதான் நடக்குறாரே?" என்றேன். "இது வேற," என்றார். அம்மாவுக்குக் குடம் தூக்குவது பிடித்துப்போய்விட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

போன வருஷம் முதல்முறையாக நானே விரதம் இருந்தேன். அம்மா துணைக்கு வந்து தங்கியிருந்தார். விளக்கேற்றிவிட்டு, எட்டு மணிக்குத் துண்டோடு மறுபடி குளிக்கக் கிளம்பினேன்.

"இப்பதானே குளிச்ச?"

"ரெண்டு தடவ இல்லையாம்மா? நீங்க அப்படித்தானே குளிப்பீங்க."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. நிஜ இறால், பக்கத்து வீட்டு ஆன்டியின் ஐஸ்பெட்டியில் இருந்திருக்கிறது. நான் எழுமுன் அம்மா அங்கேயே போய் நறுக்கி, உள்ளே பெல்லட்டைச் செருகி, ஆன்டியின் சாப்ஸ்டிக்கில் குத்தித் தண்ணீர்மேல் ஆட்டியிருக்கிறார். நாளுக்கு நாள் இறால் குறைந்து பெல்லட் கூடியது. சனிக்கிழமை இறால் வாசனைகூட இல்லை.

"இறாலத் தொட்ட கையோட சாமி படத்துக்கிட்ட எப்படிப் போறது? அதான் குளிச்சேன்."

"அப்ப உங்க விரதம்?"

"அதுக்குத்தானே மறு வருஷம் தூக்குனேன்."

அந்த இரண்டாம் வருஷம் பத்துமலைப் படியில் அம்மாவின் கூடவே ஏறினேன். வெயில், கால் வலி, இன்னும் எத்தனை படி என்று புலம்பியபடிதான் ஏறினேன். பாதியில் கூட வந்த யாரோ ஓர் அக்காவிடம், எங்கள் வீட்டு மீன்கூடச் சைவம், நான்தான் பழக்கினேன் என்று அளந்துவிட்டேன். அந்த அக்கா ஆச்சரியப்பட்டு, அப்படியா என்று அம்மாவைக் கேட்டார். தலையில் குடத்தோடு, பால் தளும்பாமல் ஏறிக்கொண்டிருந்த அம்மா, "ஆமா, இவதான்," என்றார்.