வாப்பாவின் படமும் ஓட்டைத் தொட்டியும்

அன்று படம் கழுவும் என் இருட்டறைக்குள் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மனைவி, கடற்கரையில் ஃபைபர் வள்ளம் செய்கிற அண்ணை, கிண்ணியாவில் துணிக்கடை வைத்திருக்கும், முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல் நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடுபவர். நான்கு பேரின் மூச்சும் படத்தாளைக் கெடுத்துவிடுமோ என்பது என் முதல் பயம்.

காக்காவிடம் ஒரு நெகடிவ் இருந்தது. பள்ளிக்கூடக் கொப்பி அளவில் ஒற்றைத் துண்டு பிலிம். அதில் அவருடைய தகப்பன், அவர் வாயில் வாப்பா, துறைமுக இறங்குதுறையில் நிற்கிறார். வீட்டிலிருந்த படத்தைச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது; பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த பிலிம் மட்டும் தப்பியது. புதுக் கடைச் சுவரில் வாப்பா நாலடி உயரத்தில் நிற்க வேண்டும், அதுவும் கணினியில் அச்சடித்ததாக அல்ல, மருந்தில் கழுவிய படமாக. நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். என்னிடமிருந்த சுருளில் ஒரு படத்துக்குத்தான் தாள் மிச்சம். பிழைபோனால் மறு தாள் இல்லை.

நாலடித் தாளைக் கழுவ அதைவிடப் பெரிய தொட்டிகள் மூன்று வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டியா என்று கொழும்புப் படச்சாமான் கடைக்காரர் தொலைபேசியிலேயே சிரித்தார். மீன் பெட்டிகளை அளந்தேன், நீளம் போதாது. கந்தளாயில் பழைய குளியல் தொட்டி விலைக்கு இருப்பதாகக் கேட்டுப் போனேன்; அடி முழுக்க வெடிப்பு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், என் கணக்கை நானே நம்புவதில்லை. ஆகவே அந்த வெடிப்பையும் மூன்று தரம் அளந்துவிட்டுத் திரும்பினேன்.

வரும் வழியில் கடற்கரையில் கவிழ்த்துக் கிடந்த வெள்ளை வள்ளம் கண்ணில் பட்டது. பக்கத்தில் அண்ணை நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"வள்ளத்துக்கு வெளியில நிக்கிற தண்ணி உள்ள வரப்படாது. உமக்கு உள்ள நிக்கிறது வெளியில போகப்படாது. திருப்பிப் போட்ட வேலைதானே!"

சொன்ன நாளில் மூன்று தொட்டிகளும் வந்தன, வழுவழுவென்று. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் ஓட்டை.

"அண்ணை, இதென்ன?"

"ஓட்டை வைக்காமல் ஒரு வள்ளமும் என்ர கையால போனதில்லை. கரைக்கு இழுத்தாப் பிறகு தண்ணி எப்பிடி வடியும்?"

மூன்று ஓட்டைக்கு இரண்டு தக்கைதான் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது நாளைக்கு என்றார். அப்படியென்றால் மிச்சக் காசும் நாளைக்கு என்றேன்.

நாளை வரவில்லை. கடை திறக்கும் நாள் நெருங்கியது. படம் கழுவிய அன்றும் அண்ணை தன் தொட்டிகளைப் பார்க்க வெறுங்கையோடுதான் வந்தார். மூன்றாவது ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்தேன். படத்தை வரவழைக்கும் முதல் மருந்தில் தாள் மூன்று நிமிடம்தான் கிடக்கும்; அதுவரை துணி தாங்கும் என்று அந்தத் தொட்டியையே முதலில் வைத்தேன்.

சிவப்பு வெளிச்சத்தில் நானும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தொட்டியை ஆட்டினோம். தாள் இன்னும் வெள்ளை. பொத்தென்று துணி கழன்றது. மருந்து என் காலில் ஊற்றியது. தொட்டி வைத்த வாங்குப் பலகைக்கு அருகே நிலத்தில் குந்தியிருந்த காக்கா பெருவிரலை ஓட்டைக்குள் விட்டார்.

"புடிச்சிட்டன்! நீங்க வேலையப் பாருங்க!"

தாளில் சாம்பல் நிறம் ஊறத் தொடங்கியது. கீழிருந்து குரல்:

"வாப்பா வாறாரா?"

"இடுப்புச் சாரம் தெரியுது, காக்கா," என்றாள் மனைவி.

"மொகம்?"

"பொறுங்கோ, வருது."

"மீசைதான் இருக்கு, தாடியக் காணேல்ல. இது வேற ஆரோ!" என்றார் அண்ணை.

"உங்கட கண்ணத் தொடைச்சிட்டுப் பாருங்க!" என்றார் காக்கா கீழிருந்து.

"ஓம் ஓம், தாடி வந்திட்டுது."

நாங்கள் தொட்டியை ஆட்டிக்கொண்டேயிருந்தோம். பிறகு கீழிருந்து, "சிரிக்கிறாரா?"

மனைவி குனிந்து பார்த்தாள். "சிரிக்கேல்ல. ஆனா இப்ப சிரிக்கப் போற மாதிரி."

"அதுதான் அவர்," என்றது கீழே குரல்.

தாளை அடுத்தடுத்த தொட்டிகளுக்கு மாற்றிய பிறகுதான் காக்கா விரலை எடுத்தார். முதல் தொட்டி ஓட்டைக்குக் கீழே வைத்த வாளிக்குள் தானாகவே வடிந்தது. ஓட்டை இல்லாவிட்டால் நிரம்பிய தொட்டியைத் தூக்கிச் சரிக்க வேண்டும்; அது என்னால் ஏலாது. அதை நான் யோசிக்கவேயில்லை. அண்ணை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. காக்கா மட்டும் முழங்கைவரை ஈரத்தோடு படத்தின் முன் நின்றுகொண்டே இருந்தார்.

படம் இப்போது கடைச் சுவரில் இருக்கிறது. காக்கா அன்றே முழுக் காசும் தந்துவிட்டார். அண்ணை மட்டும் வாரம் ஒருமுறை தேநீர் குடிக்க வருகிறார். "காசு?" என்பார். "தக்கை?" என்பேன். "காக்காவின்ர விரல் இருக்கே!" என்பார்.

தக்கை இன்னும் வரவில்லை. நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய மிச்சம் பன்னிரண்டாயிரம் ரூபாய்.